டிக்

அக்கா மகன் அடுத்த மாதம் ஒசாகா போகிறான். “மாமா, நீங்க டோக்கியோல வாங்கின போன் எப்படி இருக்கு? நானும் அங்கேயே ஒண்ணு எடுத்துடவா?” என்று கேட்டிருந்தான். வாட்ஸப்பில் மூன்று வரி அடிப்பதற்குள் பிரஷர் ஏறிவிட்டது. அதனால் இங்கே.

வாங்கியது 2024 ஜூலை தொடக்கத்தில், அகிஹபாராவில். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டை எட்டு மாடிக்கு நிமிர்த்தி, ஏசி போட்டு, பேரம் பேசும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டால் அதுதான் அகிஹபாரா. யென் அப்போது தரைதட்டிக் கிடந்தது, 52 பைசா. போன் 92,400 யென். சுற்றுலாப் பயணிக்கு 10% நுகர்வு வரி இல்லை என்பதால் 84,000. கார்டில் பிடித்த 3.5 சதவீதத்தையும் சேர்த்து ஏறக்குறைய 45,200 ரூபாய். அதே போன் அன்றைக்கு இங்கே 59,999. வரி கழிக்க பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுபடாது. நான் அதை உவேனோ ஹோட்டலில் வைத்துவிட்டுப் போய், திரும்ப ஓடி வந்தேன். 2026 நவம்பர் 1 முதல் இந்த முறையும் மாறுகிறது. முழு வரியையும் கடையில் கட்டிவிட்டு, ஊருக்குக் கிளம்பும்போது கஸ்டம்ஸில் காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும்.

ஒரே கம்பெனியின் சிம்மை மட்டும் ஏற்கும் சிம் லாக் பற்றிப் பயப்பட வேண்டாம். 2021 அக்டோபரிலிருந்து அங்கே விற்கும் போன்களில் சிம் லாக் போடக் கூடாது என்று அரசே சொல்லிவிட்டது. கடைக்காரர்கள் “சிம் ஃப்ரீ” என்பார்கள். சிம் இலவசம் என்று நினைத்து நான் கை நீட்டி நின்றது தனிக்கதை. மீனம்பாக்கத்தில் இறங்கி நம்ம ஊர் சிம்மைப் போட்டதும் டவர் வந்தது, 5ஜியும் வந்தது. பேட்டரி இன்றும் ராத்திரி வரை தாங்குகிறது. கேமரா அற்புதம்.

கேமராதான் பிரச்சினையும்.

படம் எடுத்தால் டிக் என்று சத்தம் வரும். நிறுத்தவே முடியாது. சைலன்ட்டில் போட்டாலும் வரும், இயர்போன் மாட்டினாலும் ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். செட்டிங்ஸில் அதற்கான பட்டனே கிடையாது. வெளிநாட்டு சிம் போட்டால் சில மாடல்களில் அடங்கிவிடும் என்கிறார்கள். என்னுடையது எந்தச் சிம்முக்கும் அடங்கவில்லை.

காரணம் தெரிந்தால் கோபப்படவும் முடியாது, அதுதான் கொடுமை. 2000 வாக்கில் அங்கே கேமரா போன் வந்ததும், ரயிலிலும் எஸ்கலேட்டரிலும் பெண்களைத் திருட்டுத்தனமாகப் படமெடுக்கும் கூட்டமும் கூடவே வந்தது. சட்டம் எதுவும் போடவில்லை. போன் கம்பெனிகளே சேர்ந்து, சத்தம் வந்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கொரியாவில் இன்னும் கறார், 60 முதல் 68 டெசிபெல் என்று 2004-லேயே அளவு குறித்துவிட்டார்கள். நியாயமான ஏற்பாடு. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

ஆனால் சென்னை மெட்ரோவில் கதவுக்கு மேலே இருந்த ரூட் மேப்பை எடுத்தேன். டிக். அதன் கீழே உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே! கேட்காமலேயே போனைத் திருப்பி, “மேப் மா, மேப்” என்று காட்டினேன். டோக்கியோ ரயிலில் அந்தச் சத்தம் திருட்டுப் படம் எடுப்பவனைக் காட்டிக்கொடுக்கும். இங்கே ஆலந்தூர் எங்கே வருகிறது என்று தேடுபவனையும் காட்டிக்கொடுக்கிறது.

வீட்டில் அதற்கு மேல். பேத்தி தூங்கும்போது கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு லேசாகச் சிரிப்பாள். இந்த இரண்டு வருஷத்தில் அந்தச் சிரிப்பு ஒரு படத்திலும் இல்லை. டிக், உடனே முழித்த கண், அழுகை, பிறகு மருமகளின் மௌனம். சத்தம் வராத கேமரா ஆப்கள் உண்டு, போட்டுப் பார்த்தேன். ராத்திரி வெளிச்சத்தில் அவை எடுத்த படங்களை என் பழைய போனே எடுத்திருக்கும். ஸ்பீக்கர் ஓட்டையைச் சுண்டுவிரலால் அடைத்துப் பிடிக்கப் பழகிவிட்டேன். சத்தம் பாதியாகும், படம் ஆடிவிடும்.

போன வருஷம் கீழே விழுந்து டிஸ்ப்ளே போனது. வாரண்டி ஜப்பானுக்கு மட்டும்தான், அது தெரிந்தே வாங்கியது. மாற்றிக் கொடுத்த கடைத் தம்பியிடம் இந்தச் சத்தக் கதையைச் சொன்னேன். “ஸ்பீக்கரைக் கழட்டிடலாமா சார்?” என்றான். விளையாட்டுக்குத்தான் கேட்டான். நான் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தேன்.

முதுகில் ஃபெலிக்கா என்று ஒரு வசதி வேறு. அங்கே ரயில்வே ஸ்டேஷன் கேட்டிலிருந்து டீக்கடை மெஷின் வரைக்கும் காசு கொடுக்கப் போனைக் காட்டினால் போதும். இங்கே அது சும்மா கிடக்கிறது.

ஆக, 14,800 ரூபாய் மிச்சம், இரண்டு வருஷமாக ஹேங் ஆனதில்லை, பகல் வெளிச்சத்தில் இதைப் போல் படம் எடுக்கும் போனை நான் வைத்திருந்ததில்லை. யென்னும் இப்போது அந்த மலிவில் இல்லை. “வாங்காதேடா” என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

“சரி மாமா. அவ்ளோ தொல்லைன்னா உங்க போனை எனக்குக் குடுத்துடுங்க, நான் இங்கேயே உங்களுக்குப் புதுசு வாங்கித் தர்றேன்” என்று பதில் வந்தது.

தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.