தேக்கி விடுவதா, ஓட விடுவதா? சிற்றூர்க் கழிவுநீர்க் குட்டையும் அதன் கரையும்

அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் மேடக் என்றொரு சிற்றூர். சாக்கடை நீரை அப்படியே விட்டுத் தெளியவைப்பதற்கென்று திட்டமிட்டு அமெரிக்காவில் வெட்டப்பட்ட முதல் குட்டை, 1948இல் அங்கேதான் அமைந்தது. இயந்திரம் கிட்டத்தட்ட எதுவும் வேண்டாம். வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது என்பதால் வடக்குச் சமவெளி முழுவதும் இந்த முறை பரவியது.

இந்தக் குட்டைகளைப் பற்றிய பேச்செல்லாம் வெளியேறும் நீரின் தரத்தோடு நின்றுவிடுகிறது. நீரைப் பிடித்து வைத்திருப்பது ஒரு மண் அணை என்பதை ஊராட்சிக் கூட்டங்களில் யாரும் நினைப்பதில்லை. எனவே இரண்டு இயக்க முறைகளையும் இங்கே கரையின் பக்கம் நின்று ஒப்பிடுகிறேன்.

முதல் முறை, தேக்கி விடுவது. குளிர்காலம் முழுவதும் சொட்டு நீரையும் வெளியே விடாமல் சேர்த்துவைத்து, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நீரைச் சோதித்துப் பார்த்த பிறகு ஆற்றில் விடுவார்கள். மின்னசோட்டா, அயோவா பக்கத்துச் சிற்றூர்களில் இது பரவலான வழக்கம். இரண்டாவது, ஓட விடுவது. உள்ளே வரும் அளவு மறுமுனையில் வழிந்துகொண்டே இருக்கும். நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும்.

நீரின் தரத்தில் தேக்கி விடுவதற்கே முதலிடம். பனிக்கட்டி மூடிய குட்டையில் அம்மோனியா அதிகம் குறைவதில்லை. ஓட விடும் ஊர் அந்த நீரைக் குளிர்காலத்திலும் ஆற்றுக்குள் அனுப்பித்தான் ஆக வேண்டும். தேக்கும் ஊரோ பனி உருகி, பாசி மீண்டும் வளர்ந்து, நீர் தெளியும் வரை காத்திருக்கலாம்.

கரையின் நிலை வேறு. ஆயிரம் பேர் வாழும் ஊரை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 லிட்டர் என்றால் தினமும் 300 கன மீட்டர். நீரைத் தேக்கிவைக்கும் 180 நாளுக்கு 54,000 கன மீட்டர். ஏறி இறங்கும் ஆழம் 1.2 மீட்டர் என்று வைத்தால் நாலரை ஹெக்டேர் பரப்பு வேண்டும். இந்தக் குட்டைமேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,500 கன மீட்டர் சேரும். அது பதினைந்து நாள் சாக்கடைக்குச் சமம். அதோடு, பழைய குழாய்களின் விரிசல்கள் வழியே பனி உருகும் காலத்தில் நிலத்தடி நீர் புகுந்து வரத்து இரண்டு மடங்கானால், ஒரு மாதத்தில் இன்னும் 20 சென்டிமீட்டர் ஏறிவிடும். நீர்மட்டத்துக்கு மேல் கரை 3 அடி உயர்ந்திருக்க வேண்டும், சிறிய குட்டைகளுக்கு 2 அடி போதும் என்பது அமெரிக்காவின் பேரேரி (Great Lakes) பகுதி மாநிலங்கள் சேர்ந்து வகுத்த வடிவமைப்பு நெறி. காகிதத்தில் அது தாராளமாகத் தெரியும். ஆனால் தேக்கும் முறையில் குட்டை நிறைந்து நிற்பதும், பனி உருகுவதும், வசந்தத்துப் பெருங்காற்று அலை எழுப்புவதும் ஒரே சமயத்தில் வருகின்றன. அந்தச் சில வாரங்களில்தான் கரைக்கு ஆபத்து அதிகம்.

ஓட விடும் குட்டைக்கு இந்த நெருக்கடி இல்லை. வரத்து கூடினால் வெளியேற்றமும் கூடும். மாசின் சுமை ஆற்றுக்குப் போகிறது, கரை தப்பிக்கிறது. ஆனாலும் கவலையில்லாமல் இருந்துவிட முடியாது. வெளியேற்றும் குழாயின் வாயில் பனிக்கட்டியோ மிதக்கும் பாசித்திட்டோ அடைத்துக்கொண்டால் மட்டம் ஓசையில்லாமல் ஏறும். அலையும் எப்போதும் ஒரே கோட்டில் மோதி உள்சரிவை அரித்துப் படிக்கட்டாக்கிவிடும்; அந்தக் கோட்டில் கற்பாவு, அதாவது அரிப்பைத் தடுக்கப் பதிக்கும் கற்கள், இல்லாமல் ஓட விடும் குட்டை கட்டவே கூடாது.

தேக்கும் முறைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. நீரைத் திறக்கும்போது அவசரப்பட்டால், நனைந்து கனத்துப்போன உள்சரிவு நீரின் தாங்கலை இழந்து சரியும். மின்னசோட்டா அனுமதிகளில் நாளொன்றுக்கு 6 அங்குலத்துக்கு மேல் இறக்கக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது. ஆற்றைக் காக்க வந்த விதி என்றாலும் கரையையும் அது காக்கிறது. நம் கணக்குக் குட்டையை அந்த வேகத்தில் இறக்க எட்டு நாள் ஆகும். எட்டு நாளும் ஆள் வேண்டும். பல ஊர்களில் அந்த ஒரே ஆள்தான் குடிநீரையும் சாலையையும் பார்த்துக்கொள்கிறார்.

இந்த இரண்டைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: உபரி நீர் தானாக வழிந்தோடக் கரையில் விடும் கலிங்கு வேண்டுமா, வேண்டாமா?

தமிழ்நாட்டு ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கேள்வியாகவே தோன்றாது. கலிங்கில்லாத ஏரியை யாரும் கட்டமாட்டார்கள். கழிவுநீர்க் குட்டையில் தயக்கம் வருவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. அனுமதியில் குறிப்பிடாத இடத்தில், சோதிக்காத நீர் வெளியேறினால் அது விதிமீறல். சுகாதாரத்துக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கலிங்கு வைத்தால் விதிமீறலுக்கு நாமே வாசல் திறந்ததாகிவிடும், உயரமான கரையே போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள்.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. கலிங்கு வழியே போவது மேல் மட்டத்தின் சில சென்டிமீட்டர் நீர். மண் கரைமேல் நீர் வழிந்தால் வெளிச்சரிவு அரித்து, பள்ளம் பின்னோக்கி ஏறி, குட்டை மொத்தமாக வெளியே வந்துவிடும். 1995 ஜூனில் வட கரோலினாவின் ஆன்ஸ்லோ கவுண்டியில், கனமழைக்குப் பிறகு ஒரு பன்றிப் பண்ணையின் கழிவுக் குட்டை உடைந்து ஒன்பது கோடி லிட்டருக்கு மேல் வெளியேறி, நியூ ஆற்றில் கலந்தது. காசாவின் வடக்கே உம் அல் நாசர் கிராமத்தில் நடந்தது அதைவிடக் கொடியது. பெய்த் லாஹியா நிலையத்தின் கொள்ளளவை மீறி வந்த கழிவுநீரைத் தேக்கிய குட்டையின் மணல் கரை 2007 மார்ச் 27 அன்று உடைந்து, ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். அந்த நிலையம் இயற்கையான வடிகால் இல்லாத தாழ்நிலத்தில் இருந்தது. மிகுந்த நீருக்குப் போக்கிடமே இல்லை. கரை உடையலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். ஒரு விதிமீறலை அஞ்சி உபரி நீரின் வழியை அடைப்பவர்கள் எதைப் பணயம் வைக்கிறார்கள் என்பதற்கு இதற்குமேல் சான்று எனக்குத் தேவையில்லை. கலிங்கு வேண்டும். கற்பாவோடு, வீடுகள் இல்லாத திசையில், கரையின் மிகத் தாழ்ந்த இடமாக அது இருக்க வேண்டும்.

கசிவைத் தடுக்க அடியில் களிமண்ணா, எச்.டி.பி.இ. என்ற பிளாஸ்டிக் விரிப்பா என்பதிலும் ஊர்கள் பிரிந்து நிற்கின்றன. களிமண் மலிவு, சிறு கீறலைத் தானே மூடிக்கொள்ளும். ஆனால் நீர் இறங்கிக் காய்ந்தால் வெடிக்கும், ஆகவே ஏறி இறங்கும் தேக்கு முறைக்குச் சற்றுப் பொருந்தாது. விரிப்பு கசிவை நன்றாக அடக்கும். அதன் அடியில் வாயு சேர்ந்தால் நடுக்குட்டையில் ஊதி எழும்பும். அதைவிட முக்கியம், நனைந்த விரிப்பின் சரிவில் கால் நிற்காது. தவறி விழுந்தவர் தானாக ஏறி வர முடியாது. விரிப்புப் போட்ட குட்டையில் கயிற்றேணிகளைக் கரையோரம் பல இடங்களில் நிரந்தரமாகக் கட்டிவைக்காமல் ஒரு நாள்கூட வேலை நடக்கக் கூடாது. நீரைத் திறந்து மூடும் மதகுத் தொட்டிக்குள் இறங்குவதும் அப்படித்தான். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முகர்ந்து அறிவதற்கு முன்பே ஆளை வீழ்த்தும். வாயு அளவி இல்லாமல், மேலே இன்னொருவர் நிற்காமல் இறங்கக் கூடாது.

அன்றாடப் பராமரிப்பில் இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை. கரையில் மரம் முளைக்க விடக் கூடாது. குதிரைமசால் போல ஆழ வேரோடும் பயிரை விதைக்கக் கூடாது என்று முன்பு சொன்ன பேரேரி மாநிலங்களின் நெறியே சொல்கிறது. கஸ்தூரி எலி தோண்டும் வளையை உடனே தோண்டி எடுத்து மண்ணிட்டு இறுக்க வேண்டும். கரையடியில் கசியும் நீர் தெளிவாக இருந்தால் அளந்து குறித்துக் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண் உள்ளிருந்து போகிறது என்று பொருள். உடனே பொறியாளரை அழைத்து, மட்டத்தை மெல்ல இறக்க வேண்டும். கரையைத் துளைத்துச் செல்லும் குழாயைச் சுற்றித்தான் இந்தக் கசிவு பெரும்பாலும் தொடங்கும். புதிதாகக் கட்டுபவர்கள் அங்கே கரையின் மண்ணைப் பிடித்து நீரை மட்டும் விடும் மணல் வடிகட்டி வைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டும்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது? குழாய்கள் ஓரளவு நல்ல நிலையில் உள்ள ஊருக்குத் தேக்கி விடுவதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் கொள்ளளவைச் சராசரி வரத்தை வைத்துக் கணக்கிடாமல், ஈரமான வசந்தத்தில் அளந்த வரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். கலிங்கு இருக்க வேண்டும். ஒன்றை இறக்கிப் பழுதுபார்க்கும்போது மற்றொன்று இயங்கக் குறைந்தது இரண்டு பெரிய குட்டைகள் வேண்டும். பனி உருகும்போது வரத்து இரண்டு மடங்காகும் ஊர், குழாய்களைச் சரிசெய்யப் பணம் கிடைக்கும் வரை ஓட விடுவதே மேல். ஆற்றுக்கு அது கெடுதல்தான். அம்மோனியாவுக்கு அபராதமும் வரலாம். கரைக்குக் கீழே வீடுகள் இருந்தால் நான் அபராதத்தையே தேர்ந்தெடுப்பேன்.