பழைய நிக்கோன் லென்ஸ்களுக்கு டி750 ஏற்றதா, இசட்5 ஏற்றதா?

மாமா கொடுத்த இரண்டு மேனுவல் லென்ஸ்கள் என்னிடம் இருக்கின்றன: 50 மி.மீ. எஃப் 1.4, 105 மி.மீ. எஃப் 2.5. இவற்றுக்காக ஹட்டனில் இருந்துகொண்டு டிஜிட்டல் கமரா தேடியதில், நிக்கோனின் பாவித்த டி750 (உள்ளே ஆடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். வகை), ஆடி இல்லாத மிரர்லெஸ் வகை இசட்5 என்ற இரண்டும்தான் கடைசிவரை நின்றன. நான் வாங்கியது இசட்5. அதன் பக்கம்தான் சாய்வேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பொருத்துவதில் இரண்டிலும் சிக்கல் இல்லை. 1959இல் வந்த எஃப் மவுன்ட்தான் (லென்ஸைக் கமராவில் பூட்டும் அமைப்பு) டி750இலும் இருக்கிறது. லென்ஸ் நேரே ஏறும், விவரத்தை மெனுவில் பதிந்தால் ஒளியளவும் காட்டும். 1977க்கு முந்திய, பிந்திய கமராக்களுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்படாத லென்ஸை மட்டும் டி750இல் மாட்டாதீர்கள், கமராவின் சிறு நெம்பு உடையக்கூடும். இசட்5க்கு எஃப்டிஇசட் அடப்டர் வேண்டும். எஃப் மவுன்ட்டுக்கும் சென்சருக்கும் இடையே 46.5 மி.மீ., இசட்டில் 16 மி.மீ.; அந்த வித்தியாசத்தை ஈடுகட்டுவதுதான் அடப்டரின் வேலை. அடப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி இல்லாததால் படத்தின் தரம் குறையாது.

என் முடிவைத் தீர்மானித்தது ஃபோகஸ். மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது தீப்பந்த வெளிச்சத்தில் லென்ஸின் ஒளித்திறப்பு (அபேச்சர்) எஃப் 1.4இல் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். டி.எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டரின் திரை ஆட்டோ ஃபோகஸ் காலத்துக்குச் செய்யப்பட்டது. அவ்வளவு அகலமான திறப்பில் கூர்மை எங்கே நிற்கிறது என்பதை அது சரியாகக் காட்டாது. அதில் ரதி வேடக்காரரின் முகம் தெளிவாகத் தெரியும். வீட்டில் கணினியில் பார்த்தால் காது கூர்மை, கண் மங்கல். ஓரத்தில் எரியும் ஃபோகஸ் புள்ளியை நம்பிக் காத்திருந்தால், தப்புப் பறை அடிக்கும் வேகத்துக்கு ஆடுபவர் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார்.

இசட்5இல் ஒரு பொத்தானை அழுத்தினால் கண் பகுதி மட்டும் பெரிதாகிறது. இமையில் பூசிய மை கோடாகத் தெரியும்வரை வளையத்தைத் திருப்பலாம். 105இல் பெரிதாக்கிய காட்சி கை நடுக்கத்தில் துள்ளும். கமராவின் அதிர்வுத் தடுப்பு அதை ஓரளவு அடக்குகிறது. விளிம்புகளுக்கு நிறம் காட்டும் பீக்கிங்கை மட்டும் பெரிதாக நம்பவேண்டாம். நானுஓயாப் பக்கம் மூடுபனி இறங்கினால் காட்சியில் வேறுபாடே இராது, நிறமும் விழாது. அங்கேயும் பெரிதாக்கிப் பார்ப்பதே வழி.

குறையும் உண்டு. எஃப்டிஇசட்டில் அபேச்சர் வளையத்தை மூட மூட, வெளிச்சம் குறைந்த இடத்தில் காட்சி புள்ளி புள்ளியாகிறது. திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, வளையத்தின் சொடுக்குகளை எண்ணி மூடுகிறேன். படத்தின் விவரத்தில் உண்மையான அபேச்சரும் பதியாது. மின்கலத்தில் டி750 தெளிவாக முன்னால் நிற்கிறது: நிறுவனக் கணக்கில் அதற்கு 1230 படங்கள், இசட்5க்கு வியூஃபைண்டரில் 390. விடியவிடிய நடக்கும் கூத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

பூஞ்சணம் இரண்டு கமராவுக்கும் பொதுவான தொல்லை. லென்ஸை இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள், தோல் உறையில் வேண்டாம்.

பென்டாக்ஸ் லென்ஸ்களை நான் தொட்டதில்லை, அவற்றுக்கு இந்தக் கணக்கு மாறலாம். பகலில் எஃப் 8இல் தேயிலைச் சரிவுகளை மட்டும் எடுப்பவர் என்றால் டி750ஐ வாங்கிக்கொண்டு மிச்சப்பணத்தில் ஒரு முக்காலியும் வாங்கலாம்.