தாதியப் பட்டத்தைத் தொலைக்கல்வியில் படித்த ஐந்தரை ஆண்டுகள்

என் பட்டப்படிப்பின் பாதி மூதூர் – திருகோணமலை பஸ்ஸில் நடந்தது. அந்த வழியில் உள்ள கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது; 396 மீற்றர் நீளம். அதற்கு முன் படகுப் பாதைக்காக வெயிலில் காத்திருந்த மூத்த தாதியர் இன்னும் எங்களோடு வேலை செய்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது: இருக்கையில் அமர்ந்து, மடியில் பாட ஏட்டை விரித்துப் படிக்க ஒரு நாளில் இரண்டு மணி நேரம்.

2018இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தாதியப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். 2023 முடியும்போது படிப்பும் முடிந்தது. இடையில் கொரோனா, அதன் பின் பொருளாதார நெருக்கடி, எங்கள் வீட்டில் ஒரு பிரசவம். பட்டம் கையில் வந்து ஒரு வருடத்துக்கு மேலான பிறகு இதை எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் மகிழ்ச்சியை மட்டும் எழுதியிருப்பேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பலர் என்னிடம் தவறாகப் புரிந்துகொண்டு வந்து கேட்கிறார்கள். நான் சேர்ந்த கற்கைநெறி ஏற்கனவே பதிவு பெற்ற தாதியருக்கானது. மட்டக்களப்பில் மூன்று ஆண்டுப் பயிற்சி முடித்து, தாதியர் பேரவையில் பதிவு பெற்று, ஏழு ஆண்டு மருத்துவமனை விடுதிகளில் (வார்டுகளில்) நின்ற பிறகே அதில் காலடி வைத்தேன். தனியார் கிளினிக் ஒன்றில் உதவித் தாதியாக இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கை, “அக்கா, நானும் இப்படி வீட்டிலிருந்தே படித்துப் பதிவு பெற்ற தாதியாகலாமா?” என்று கேட்டபோது, முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் தள்ளிப்போட்டேன். அதற்குள் அவள் ஏதோ ஒரு தனியார் நிறுவனத்தில் தவணைப் பணம் கட்டிவிட்டாள். அவர்கள் கொடுத்த சான்றிதழைப் பதிவுக்கு ஏற்கவில்லை. போன பணம் போனதுதான். அன்றே நான் வாய் திறந்திருக்கவேண்டும். யார் எந்தத் தாதியக் கற்கைநெறிக்குப் பணம் கட்டுவதாக இருந்தாலும், அது பதிவுக்கு ஏற்கப்படுமா என்று முதலில் தாதியர் பேரவையில் கேளுங்கள். விளம்பரத் தாளை நம்பவேண்டாம்.

கனடாவில் நிலைமை வேறு. அங்கே நடைமுறைத் தாதி என்றொரு தரம் சட்டப்படி உண்டு. அதற்கு மேலே உள்ள தரம் பதிவு பெற்ற தாதி. எட்மன்டனில் இருக்கும் என் சித்தியின் மகள் நடைமுறைத் தாதி. அதபாஸ்கா பல்கலைக்கழகம் நடைமுறைத் தாதியருக்கென்றே நடத்தும் பட்டப்படிப்பில், வேலையை விடாமல் தொலைக்கல்வி வழியே படிக்கிறாள். அது முடிந்தால் என்.சி.எல்.இ.எக்ஸ். பரீட்சை; பதிவு பெற்ற தாதியாவதற்குக் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 2015 முதல் அதுதான். எங்கள் திறந்த பல்கலைக்கழகத்தில் 1994இல் தாதியப் பட்டப்படிப்பு தொடங்கியபோது துணை நின்றதும் அதே அதபாஸ்காதான். இது தெரிந்த இரவில் நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசினோம். அவளுக்கும் பாடம் மட்டுமே கணினியில் வருகிறது. மருத்துவமனைப் பயிற்சிக்கு நேரில் போய் நிற்கத்தான் வேண்டும். ஊசி ஏற்றவும், படுக்கையில் இருப்பவரை வலிக்காமல் புரட்டவும் தபாலில் கற்றுத்தர முடியாது. தொலைக்கல்வி கை பழகியவருக்கானது என்பது என் உறுதியான கருத்து.

அப்படியென்றால் கை பழகிய எனக்கு அது என்ன தந்தது?

2017 டெங்குக் காலத்தைச் சொல்கிறேன். அந்த ஆண்டு நாடு முழுவதும் பதிவான நோயாளர் 186,101 பேர். கிண்ணியா மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. விடுதியில் கட்டில் போதாமல் நிலத்திலும் ஆட்கள். மணிக்கு மணி பிரசர் பார்த்து எழுதுவோம். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையே 20 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் வைத்தியரைக் கூப்பிடவேண்டும் என்பது கட்டளை. கூப்பிட்டோம். ஆனால் 100க்கு 80 என்று வரும்போது, ‘மேல் எண் நன்றாகத்தானே இருக்கிறது, இதற்கு ஏன் இந்த அவசரம்?’ என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது.

அதற்கு விடை உடற்றொழிலியல் பாடத்தில் கிடைத்தது; சேருநுவரப் பக்கம் போகும் பஸ்ஸில், நின்றுகொண்டு படித்தேன். டெங்குவில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும்போது உடல் சும்மா இருப்பதில்லை. இரத்தக் குழாய்களை இறுக்கிக்கொள்கிறது. அதனால் கீழ் எண் ஏறுகிறது. மேல் எண் அப்படியே நிற்கிறது. நன்றாக இருப்பதுபோல் தோன்றும் அந்த 100, உடல் தன் கடைசிப் பலத்தைப் போட்டுத் தாங்கிப் பிடித்திருக்கும் 100. காய்ச்சல் விட்டதென்று வீட்டார் நிம்மதியடையும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் ஆபத்தானது என்பதும் அப்போது ஒரே கோட்டில் வந்து சேர்ந்தது. நான் பிரசர் பார்த்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டது.

இப்போது இரவுக் கடமையில் வைத்தியரை எழுப்பும்போது, எண்ணை மட்டும் சொல்வதில்லை. காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். புதிதாக வரும் தாதியருக்கும் காரணத்தோடு சொல்கிறேன். நோயாளியின் தாய், “காய்ச்சல் விட்டுவிட்டதே மிஸி, வீட்டுக்குப் போகலாமா?” என்று கேட்டால் அவருக்குப் புரியும்படி விளக்கத் தெரிகிறது. ஐந்தரை ஆண்டுக்கு இது ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

கடினமானது ஆங்கிலம். உயர்தரம்வரை தமிழில் படித்தவள் நான். இங்கே பாட ஏடும் பரீட்சையும் ஆங்கிலம். முதல் ஒப்படையைத் தமிழில் எழுதி, பிறகு சொல் சொல்லாக மாற்றினேன். மூன்று வாரம் போனது, வாசித்தால் எனக்கே விளங்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு தோழியும், சிங்களத் தோழி ஒருத்தியும், நானுமாகச் சேர்ந்து கடமை முடிந்ததும் தாதியர் அறையில் அரை மணி நேரம் ஆங்கிலத்திலேயே பாடத்தைச் சொல்லிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். மூவருக்கும் பொதுவான மொழி அதுதான் என்பதால் தப்பிக்க வழியில்லை. ஓராண்டில் நேரடியாக எழுத வந்தது. தனியே படித்திருந்தால் இடையில் விட்டிருப்பேன். தொலைக்கல்வியில் சேருகிறவர் புத்தகத்துக்கு முன்பு இப்படி இரண்டு பேரைத் தேடிக்கொள்வது நல்லது.

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. டீசல் இல்லாமல் பஸ்ஸும் குறைந்தது. திருகோணமலையை ஒட்டிய உப்புவெளியில் அக்கா வீட்டில் தங்கி, பகல் வெளிச்சத்தில் திண்ணையில் படித்தேன். குழந்தை மூதூரில் அம்மாவிடம். அந்த மாதங்களைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஆய்வுக் கட்டுரைக்கு மட்டும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு காலம் ஒதுக்குங்கள். ஒழுக்கவியல் அனுமதி, தகவல் திரட்டல், திருத்தம் எல்லாமே கடமை நேரத்துக்கு வெளியேதான் நடக்கவேண்டும்.

பட்டம் வந்த மறுநாளும் அதே விடுதி, அதே சீருடை, அதே இரவுக் கடமைதான். அதை எதிர்பார்த்தே சேருங்கள். என் பாட ஏடுகளை எங்கள் விடுதியில் இருவர் வாங்கிப் போயிருக்கிறார்கள். உடற்றொழிலியல் ஏட்டை மட்டும் கொடுக்கவில்லை. அது இன்னும் என் பைக்குள் இருக்கிறது, பஸ்ஸில் சில பக்கங்களைத் திரும்பவும் படிக்கிறேன். தங்கை இந்த ஆண்டு அரசுப் பயிற்சிக்கான விண்ணப்ப அறிவித்தலுக்காகக் காத்திருக்கிறாள். வர்த்தமானியைப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.