இருபது சேரும்வரை

ஒன்ராறியோவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பதினாறு வருசம் நின்றதில் எனக்கொரு வருத்தம் பிடித்துவிட்டது. எங்கே போனாலும் மணிக்கூட்டைப் பார்த்து, எது வேலை, எது வீண் என்று பிரிக்கத் தொடங்கிவிடுவேன். போன மாதம் கொழும்பில், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கப் போன ஒரு கந்தோரிலும் அதுதான் நடந்தது.

காலை 9 மணிக்கு உள்ளே போனவன் 12.50க்குத்தான் வெளியே வந்தேன். என் விண்ணப்பத்தில் யாராவது கைவைத்திருந்த நேரம் மொத்தம் 11 நிமிடம். காசு கட்டக் கீழ்மாடி, ரசீது காட்ட மேல்மாடி, போட்டோ கொப்பிக்கு றோட்டைக் கடந்து ஒரு கடை. கந்தோர் மேசையில் இருந்த பிள்ளை கெட்டிக்காரி, கை மெசின் மாதிரி ஓடியது. ஆனால் இருபது விண்ணப்பம் சேர்ந்தால்தான் கட்டு கையொப்பத்துக்குப் போகுமாம். என்னுடையது மூன்றாவது. பின்னால் பதினேழு பேர் வரும்வரை அது மேசையிலும் நான் கதிரையிலும் கிடந்தோம்.

ரொயோட்டா கார்க் கொம்பனியின் உற்பத்தி முறையை வளர்த்த தாயிச்சி ஓனோ சொன்ன ஏழு வீண்களில் காத்திருப்பும் தேவையில்லாத நடையும் உண்டு. இப்படி வீணைக் குறைக்கும் முறைக்கு 'லீன்' என்ற பெயர் 1988இல் ஜோன் கிராஃப்சிக் என்ற ஆய்வாளர் வைத்தது. அது கார்க்காரரின் விசயம் என்பார்கள். ஆனால் அமெரிக்காவின் சியாட்டிலில் வேர்ஜீனியா மேசன் மருத்துவமனை 2002இலிருந்து அதே முறையில்தான் நோயாளியின் அலைச்சலைக் குறைத்தது. இங்கே ஒரு மேசையை நகர்த்தி, இருபதை ஐந்தாக்கினாலே பாதி நேரம் மிச்சம்.

மச்சானிடம் சொன்னேன். "முந்தி ரெண்டு நாள் அலைஞ்சனாங்கள். இப்ப ஏசி, டிவி, நம்பர் மெசின் எல்லாம் இருக்கு. வேற என்ன வேணும் உனக்கு?" என்றான். காத்திருப்பைக் குறைக்காமல் அதற்கு மெத்தை போட்டிருக்கிறார்கள் என்று வாய்வரை வந்தது. விட்டுவிட்டேன், பசி.

வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடைக்குள் போனோம். கேட்காமலே எட்டு உளுந்து வடை தட்டில் வந்தது, தின்றதற்கு மட்டும் காசு. சூப்பர்மார்க்கெட் தட்டில் எடுத்த இடத்தை மட்டும் நிரப்புவதைப் பார்த்துத்தான் ஓனோ தன் கன்பான் அட்டை முறையை வளர்த்தார்: எடுத்த அளவுக்கு மட்டும் திரும்பச் செய்யச் சொல்லும் அட்டை. நாங்கள் ஐந்தை முடித்ததும் பொடியன் எட்டிப்பார்த்தான். குசினிக்குள் ஒரு சத்தம் கொடுத்தான். சுடச்சுட ஐந்து வந்தது.