எண்ணா, பெயரா: ஆய்வுக் கட்டுரைக்கு எந்த உசாத்துணை முறை, எந்த மென்பொருள்?

வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்திலிருந்து ஒருவரும் கிளிநொச்சியிலுள்ள விவசாய பீடத்திலிருந்து இன்னொருவரும் எழுதினால், இருவரும் பெரும்பாலும் அதே முன்னைய ஆய்வுகளையே எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் முதலாமவரின் கட்டுரையில் அவை 1, 2, 3 என்று எண்களாகவும், மற்றவரின் கட்டுரையில் ஆசிரியர் பெயரும் ஆண்டுமாகவும் நிற்கக்கூடும். எந்த முறை என்பதைத் தீர்மானிப்பது சஞ்சிகைதான். ஆயினும் கட்டுரை அங்கே போகும்முன் மாதக்கணக்கில் நம் கையிலேயே கிடக்கிறது. அக்காலத்தில் எம்முறையில் எழுதுவது, எதில் சேர்த்து வைப்பது என்பவை நமது தெரிவுகள்.

எண்முறையை வன்கூவர் முறை என்பார்கள். 1978இல், நமது மருத்துவ பீடம் தொடங்கிய அதே ஆண்டில், மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வன்கூவரில் கூடி, ஒரே கட்டுரையைச் சஞ்சிகைக்குச் சஞ்சிகை மாற்றித் தட்டச்சு செய்யும் தொல்லையைக் குறைக்கப் பொது விதிகளை வகுத்தார்கள். அவை மறுவருடம் வெளிவந்தன. சிக்கனம் இம்முறையின் குணம். ஆறு ஆய்வுகளை 4-9 என்று ஒரே அடைப்புக்குள் அடக்கலாம். வழக்கமான வடிவத்தில் ஆறு ஆசிரியர்களுக்கு மேல் இருந்தால் மீதிப் பேர் ‘மற்றும் பிறர்’ ஆகிவிடுவார்கள்; சஞ்சிகையின் பெயர் சுருங்கும்; ஆண்டும் தொகுதியும் பக்கமும் 2016;12(3):145-9 என்று இடைவெளியின்றி நெருங்கி நிற்கும். 149 என்பதன் முதலிரண்டு இலக்கங்களைக்கூட வீணாக்காத முறை.

இதன் குறை எழுதும் காலத்தில்தான் தெரியும். முன்னுரையின் இரண்டாம் பந்தியில் புதிதாக ஒரு மேற்கோளைச் செருகினால் பின்னுள்ள எல்லா எண்களும் ஒன்று தள்ளிப்போக வேண்டும். கையால் எண்ணிட்டவர் அட்டவணைத் தலைப்பிலும் பட விளக்கத்திலும் உள்ளவற்றை எளிதில் மறந்துவிடுவார். பிழையான எண்ணும் சரியான எண்ணைப் போலவே தோற்றமளிப்பதால், மேற்பார்வையாளர் எத்தனை தடவை வாசித்தாலும் அது கண்ணில் படாது.

பெயர்-ஆண்டு முறையின் தொடக்கத்தை, ஹாவர்ட் விலங்கியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லா நத்தையின் முட்டை பற்றி எழுதிய கட்டுரையில் காண்பது வழக்கம். இன்று பரவலாக உள்ள வடிவம் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ. அதன் ஏழாம் பதிப்பு 2019இல் வந்தது. மூன்று ஆசிரியர்களுக்கு மேற்பட்டாலும் மூவரேயானாலும் கட்டுரைக்குள் முதலாமவர் பெயர் மட்டும் போதும். பட்டியலில் இருபது பேர்வரை எல்லோரையும் எழுத வேண்டும். பக்கங்களை 145–149 என்று முழுமையாகவே தர வேண்டும். இடம் தின்னும் முறைதான். ஆனால் “இப்பகுதியின் கிணறுகளில் தற்போது நைத்திரேற்று இவ்வளவு” என்ற வாக்கியத்தின் முடிவில் 1996 என்று ஆண்டு நின்றால், ‘தற்போது’ என்ற சொல் அங்கே நிற்க முடியாதென்பது எழுதியவருக்கே உறைக்கும். எண் அப்படி எதையும் சொல்லாது. ஆகவே வன்கூவர் முறைச் சஞ்சிகைக்கே அனுப்புவதானாலும் வரைவு முழுவதையும் பெயர்-ஆண்டு முறையில் வைத்திருந்து, அனுப்பும் நாளில் எண்ணுக்கு மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து.

நம்மவர் பெயர்கள் இதற்கு இன்னொரு காரணம். கந்தசாமியின் மகன் சிவகுமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். நம் வழக்கப்படி கே. சிவகுமார் என்று எழுதினால் மென்பொருள் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்து ‘சிவகுமார் கே’ என்று போடும், குற்றமில்லை. அவரே வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில் சிவகுமார் கந்தசாமி என்று பெயர் கொடுத்திருந்தால் ‘கந்தசாமி எஸ்’ ஆகி, மேற்கோளின் பெருமை தகப்பனுக்குப் போய்விடும். பெயர்-ஆண்டு முறையில் ஒருவரே இருவராக நிற்பது கட்டுரைக்குள்ளேயே தெரியும். எண்முறையில் யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆளைத் தெரியும் என்பதற்காக அச்சான பெயரை நாமே திருத்திவிடக் கூடாது, ஏனெனில் தரவுத்தளங்கள் அச்சான வடிவத்தைக் கொண்டே இணைக்கின்றன. சொந்தப் பெயரை ஒரே வடிவத்தில் எப்போதும் கொடுத்து, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும், 2012 முதல் கிடைக்கும் ஓர்சிட் அடையாள எண்ணையும் எடுத்துவைப்பதே இதற்குப் பரிகாரம்.

உசாத்துணைகளைச் சேர்த்து வைத்துப் பட்டியலாக்கும் மென்பொருள்களில் மெண்டலியா சொடேரோவா என்பதுதான் மாணவர்கள் அதிகம் கேட்பது. உசாத்துணையின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பாணிக் கோப்புகள் இரண்டுக்கும் ஒன்றே என்பதால் வெளிவரும் பட்டியலில் பெரிய வித்தியாசம் இராது; பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாணிகள் இரண்டுக்கும் பொது. வித்தியாசம் வேறு இடத்தில். ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் தொடங்கிய சொடேரோ திறந்த மூல மென்பொருள். சேகரிப்பு நம் கணினியிலேயே இருக்கும், இணையம் இல்லாத வேளையிலும் இயங்கும், வேர்ட் மட்டுமன்றி லிப்ரே ஓபிஸிலும் வேலை செய்யும். வெளியான பின் சஞ்சிகையால் மீளப்பெறப்பட்ட கட்டுரை சேகரிப்பில் இருந்தால் 2019 முதல் அதை எச்சரித்தும் விடுகிறது. மெண்டலியை 2013இல் எல்சிவியர் வாங்கியது. இலவசச் சேமிப்பு 2 ஜிபி என்பது சொடேரோவின் 300 எம்பியைவிடத் தாராளம்தான். ஆனால் பலர் பழகியிருந்த பழைய கணினிப் பதிப்பை 2022இல் நிறுத்திவிட்டு வேறொன்றைத் தந்தார்கள். நம் சேகரிப்பின் ஆயுள் ஒரு நிறுவனத்தின் தீர்மானத்தில் தங்கியிருப்பதை நான் விரும்புவதில்லை. என் தெரிவு சொடேரோ. எண்ட்நோட் காசு கொடுத்து வாங்க வேண்டியது. நிறுவனம் தந்தால் பயன்படுத்தலாம்.

கணிதமும் பௌதிகமும் எழுதுவோர் லேடெக் ஆவணங்களுக்கு உசாத்துணைப் பட்டியல் அமைக்கும், 1985இல் வந்த பிப்டெக்கை விடமாட்டார்கள், விடவும் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அதன் பல பாணிகள் தலைப்பின் முதலெழுத்துத் தவிர மற்றவற்றைச் சிற்றெழுத்தாக்கிவிடும் என்பதால், யாழ்ப்பாணத்தின் ஆங்கிலப் பெயரை நெளி அடைப்புக்குள் இடாவிட்டால் ஊர்ப்பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். சொடேரோவில் சிக்கல் மறுபக்கமானது. தலைப்பின் ஒவ்வொரு சொல்லும் பேரெழுத்தில் தொடங்குமாறு சேமித்தால் ஏபிஏக்காக அதைத் தானாகச் சிறிதாக்காது, ஆகையால் சேமிக்கும்போதே வாக்கிய நடையில், அதாவது முதற்சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பேரெழுத்தில் தொடங்குமாறு, வைக்க வேண்டும். கூகுள் ஸ்கொலரின் மேற்கோள் பொத்தானிலிருந்து பிரதி செய்வது வேகமானது, ஆனால் அதில் கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண் வராது. செயற்கை நுண்ணறிவிடம் பட்டியல் கேட்பதை ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். இல்லாத கட்டுரைக்கும் அது நேர்த்தியான உசாத்துணை எழுதும்.

இலங்கைத் தமிழ் வெளியீடுகளை மின்வடிவில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்திலிருந்து எடுத்த பழைய தமிழ் மலரொன்றை ஆங்கிலச் சஞ்சிகையில் காட்ட நேர்ந்தால் இரு முறைகளும் பிரிகின்றன. ஏபிஏயில் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, சதுர அடைப்புக்குள் பொருளையும் தர வேண்டும். வன்கூவர் முறையில் மொழிபெயர்ப்பை அடைப்புக்குள் இட்டு இறுதியில் மொழியின் பெயரைச் சேர்ப்பதும் ஏற்கப்படும். பாணிக் கோப்புகள் இதைச் சரிவரச் செய்வதில்லை. கையால்தான் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்தை, மேற்கோள்களை மென்பொருளோடு பிணைக்கும் இணைப்புகளை நீக்கிய பிரதியில் மட்டும் செய்து, இணைப்புகள் உயிரோடிருக்கும் பிரதியை வேறாக வைத்திருக்க வேண்டும். கட்டுரை மறுக்கப்பட்டு வேறு சஞ்சிகைக்குப் போக நேர்ந்தால், அந்தப் பிரதியில் பாணியை மட்டும் மாற்றினால் போதும்.