ஊதிப் பார்ப்பதா, கிளினிக் கொப்பியைப் புரட்டுவதா?

மாரி தொடங்கினால் திருகோணமலையில் தடிமன், காய்ச்சல் வரிசை கட்டும். சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டும் நாட்பட்ட சுவாச நோய்) உள்ளவர்களில் யாரை வைரஸ் கடுமையாக விழுத்தும்?

ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனை முதல் செக்கனில் ஊதும் காற்றை அளக்கும். எதிர்பார்க்கும் அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபத்துக் கூடத்தான். ஆனால் ஒரே அளவுள்ள இருவரில் ஒருவர் வீட்டில் நடமாடுவார், மற்றவர் வார்டில் கிடப்பார்.

என் தெரிவு, பழைய வருத்தமும் மருந்தும் எழுதிய கிளினிக் கொப்பி. ஒரு வருடத்துக்குள் முட்டுக் கூடி இரண்டு தடவை ஸ்டீரொயிட்டோ அன்டிபயோட்டிக்கோ எடுத்தவர், அல்லது ஒரேயொரு தடவை வார்டில் நின்றவர், கோல்ட் என்ற சர்வதேச சிஓபிடி வழிகாட்டலின் 2023 பதிப்பில் உயர் ஆபத்துப் பிரிவு. 2010இல் வெளிவந்த எக்லிப்ஸ் என்ற சிஓபிடி ஆய்விலும் அடுத்த முட்டுத் தாக்கத்துக்கு மிகச் சிறந்த முன்னறிகுறி பழைய தாக்கமே. (பாமசியில் வாங்கிப் போட்ட குளிசை கொப்பியில் ஏறாது, வீட்டுக்காரரைத்தான் கேட்கவேணும்.)

புது நோயாளிக்குக் கொப்பியே இல்லை. அவர் ஊதட்டும்.