என் பூட்டுக்குக் காப்புரிமை விண்ணப்பம் போட்ட ஏஜென்ட் அலுவலகம்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

வியாசர்பாடியில் எல்இடி சுவர், அதாவது மேடைகளில் வைக்கும் பெரிய வீடியோ திரை, வாடகைக்கு விடுகிறேன். கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, 500க்கு 500 மில்லிமீட்டர் திரைப் பெட்டிகளை அடுக்கி ஒன்றோடொன்று பூட்டுவதுதான் வேலை. திரையை மண்டபச் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால் பின்னால் ஆள் நுழைய முடியாது; நடுவில் ஒரு பெட்டி செத்தால் அன்றைய மானம் போச்சு. அதனால் முன்பக்க இடுக்கில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) விட்டுத் திருப்பினாலே கழலும் கொக்கிப் பூட்டு ஒன்றைப் பட்டறையில் செய்தோம்.

காப்புரிமைக்குப் பாரிமுனையில் ஒரு ஏஜென்டைப் பிடித்தேன். படம் வரைந்தது அருமை. தனிநபர் என்பதால் இணையவழித் தாக்கலுக்கு 1600 ரூபாய், பரிசோதனை கோரும் படிவம் 18க்கு 4000 ரூபாய் கட்டி, ரசீதும் கொடுத்தார்கள். அவர்கள் கூலியை இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

கிண்டியில் உள்ள அரசு காப்புரிமை அலுவலகத்திலிருந்து பரிசோதனை அறிக்கை வந்தது. பழைய பூட்டு ஒன்றைக் காட்டி, காப்புரிமைச் சட்டத்தின் 3(எஃப்) பிரிவுப்படி இது தெரிந்த பாகங்களை மாற்றி அடுக்கியதுதான் என்றார்கள். பதில் தர 6 மாதம் உண்டு. அறிக்கை வந்ததையே ஏஜென்ட் எனக்குச் சொன்னது நாலாவது மாதத்தில்தான்! ஒரு நட்சத்திரம் அங்கேதான் போனது.

ஆனால் ஏஜென்ட் தரப்பில் பதில் எழுதியவர் கெட்டிக்காரர். பட்டறைக்கே வந்து, தானே பூட்டைத் திருப்பிப் பார்த்தார். கொக்கி விலகும்போது மேல் பெட்டியின் எடை பூட்டில் இறங்காமல் பக்கச் சட்டத்தில் நிற்பதை விண்ணப்பத்தின் முதல் கோரிக்கையிலேயே (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகம்) சேர்த்தார். வீடியோ விசாரணையும் முடிந்தது. உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.